தலைக்காசு

பெம்பானில் இருக்கும் சித்தி ஓர் இட்லிப் பானை வாங்கினார். என் கணக்கில் 3 வெள்ளி 16 காசு ஏறியது.

போன தீபாவளிக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது இணையத்தில் ஒரு கடை போட்டிருந்தேன். இட்லிப் பானை, முறுக்கு அச்சு, இடியாப்பத் தட்டு, அவ்வளவுதான். சரக்கு எதுவும் என் வீட்டில் கிடையாது. படத்தைத் தட்டினால் பெரிய வணிகத் தளத்துக்குப் போகும். அங்கே வாங்கினால் எனக்குக் கமிஷன். அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இணைப்பைப் போட்டு, "நல்ல பானை, வாங்கிப் பாருங்க" என்று எழுதினேன். கமிஷனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மாமாவிடம் சொன்னபோது சிரித்தார். "இது கங்காணி வேலைடா. தலைக்காசு வாங்குற."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லைத் தேடிப் போனபோது, அவர் சொன்னதில் பாதி சரி என்று பட்டது.

மலாயாவில் ரப்பர் வணிகப் பயிரானது எங்கள் மாநிலத்தில்தான். 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அடுத்து ஜாசின் பக்கம் புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார்கள். காடு வெட்டவும் பால் எடுக்கவும் ஆள் வேண்டும். அதுவரை கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் வந்துகொண்டிருந்தது. அந்த முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தை முழுசாகப் பிடித்தவர் கங்காணி.

கங்காணி யார்? அதே தோட்டத்தில் வேலை பார்த்தவர்தான். துரைக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தால், கையில் ஒரு லைசென்ஸ் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு என்று அவரவர் ஊருக்கே திரும்பிப் போனார்கள். கங்காணி சொல்வதைக் கேட்டவர்கள் அவருடைய பங்காளிகள், மாமன் மச்சான்கள், ஒரே தெருக்காரர்கள். முன்பின் தெரியாத ஏஜெண்ட் ஒருவர் வந்து கடல் தாண்டக் கூப்பிட்டால் யார் போவார்கள்? "நம்ம ஆளு கூப்பிடுறான்" என்பதால் நாகப்பட்டினத்துக்கும் ஆவடிக்கும் போய், முகாமில் காத்திருந்து கப்பல் ஏறினார்கள். தோட்ட நிர்வாகத்துக்கு இது மலிவு. விளம்பரம் வேண்டாம், ஆள் வந்து சேர்ந்தால் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் போதும்.

அதோடு முடியவில்லை. விடிகாலைப் பெரட்டில் தன் ஆட்கள் எத்தனை பேர் வேலைக்கு நிற்கிறார்களோ, அத்தனை பேருக்கும் தலைக்கு 2 காசு வீதம் கங்காணிக்குக் கிடைத்தது. அதுதான் தலைக்காசு. 1920களின் கடைசியில் ஆண்களுக்கு நிர்ணயித்த நாள்கூலி 50 காசு. 25 பேர் பெரட்டுக்கு வந்தாலே கங்காணிக்கு ஒரு முழு ஆளின் கூலி கைக்கு வந்துவிடும். ஒருவன் காய்ச்சலில் படுத்தால் 2 காசு போச்சு. அவனை லயத்திலிருந்து எழுப்பிவிடுவதில் அவருக்கு லாபம் இருந்தது. எழுப்புகிறவர் சித்தப்பாவோ பெரியப்பாவோ என்பதால் எதிர்த்துப் பேசவும் முடியாது.

பயணச் செலவு இன்னொரு பிடி. ஆரம்பத்தில் கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கடனாக நின்றது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி வந்த பிறகுதான், தமிழ்த் தொழிலாளர்களை வைத்திருந்த முதலாளிகள் எல்லோரும் அதற்குப் பணம் கட்ட, கப்பல் செலவு அந்த நிதிக்குப் போனது. 1938இல், தோட்டங்கள் 50 காசுக் கூலியைக் குறைத்த சமயத்தில், உதவி பெற்றுப் போகும் தொழிலாளர்களின் குடியேற்றத்தை இந்திய அரசு தடை செய்தது. கங்காணி ஆள் சேர்த்த காலம் அத்தோடு முடிந்தது.

உறவை வைத்துக் கமிஷன் எடுக்கும் வழி மட்டும் முடியவில்லை. 1976இல் ஆம்வே மலேசியாவுக்கு வந்தது. அதன்பின் பல நேரடி விற்பனை நிறுவனங்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது, சட்டியும் சத்து மாவும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் எல்லோருமே சொந்தக்காரர்கள். "உனக்குக் கீழ ரெண்டு பேரைச் சேர்த்துவிடு" என்பார்கள். வாங்காவிட்டால் மனஸ்தாபம் வரும். ஆள் சேர்ப்பதே வியாபாரமாகிவிடக்கூடும் என்ற பயத்தில் 1993இல் நேரடி விற்பனைச் சட்டம் வந்தது. பிறகு அதன் பெயரிலேயே பிரமிட் திட்டத் தடுப்பும் சேர்ந்தது.

இணையத்தில் இதைப் பெரிதாக்கியது அமேசான். 1996இல், தங்கள் பக்கத்திலிருந்து வாசகரை அனுப்பிவைப்பவர்களுக்குக் கமிஷன் தரும் திட்டத்தைத் தொடங்கியது. புத்தகம் பற்றி எழுதுபவர் புத்தகத்துக்கும் தோட்டக்கலை எழுதுபவர் மண்வெட்டிக்கும் இணைப்புக் கொடுத்தார்கள். ஒரே வகைச் சரக்கை வைத்துச் சின்னக் கடை போடும் பழக்கம் அப்படித்தான் பரவியது. நான் போட்டதும் அந்த வகைதான்.

மாமா சொன்னதில் மீதிப் பாதி தப்பு. பானை பிடிக்காவிட்டால் சித்திக்கு 79 வெள்ளி நஷ்டம். கப்பல் ஏறியவனுக்கு ஊரே போனது. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. பெரட்டில் யாரும் என் சித்தியை எண்ணவில்லை.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. சித்தி விசாரிக்காமல் வாங்கியதற்குக் காரணம் பானை அல்ல, நான். அந்த நம்பிக்கைக்கு விலை 3 வெள்ளி 16 காசு என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் 2009 முதலே, காசு வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர் அதைச் சொல்ல வேண்டும் என்று வணிக ஆணையத்தின் வழிகாட்டுதல் வலைப்பதிவர்களையும் சேர்த்துக்கொண்டது. 2021இல் இந்திய விளம்பரத் தர மன்றமும் அதையே கேட்டது. சட்டம் கேட்கிறதோ இல்லையோ, சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பொங்கலுக்கு பெம்பான் போனபோது சொன்னேன். சித்தி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்: "எவ்வளவு கிடைச்சுச்சு?" சொன்னேன்.

"அவ்வளவுதானா? முன்னாடியே சொல்லியிருந்தா பக்கத்து வீட்டுக்காரியையும் வாங்கச் சொல்லியிருப்பேனே."

சிரித்துவிட்டு இட்லி வைத்தார். கொஞ்சம் கழித்து, தட்டைத் துடைத்துக்கொண்டே, "ஆனா சொல்லியிருக்கணும் தம்பி" என்றார்.