துருவ இருளில் ஒரு பத்திரிகை

நோர்வே நாட்டின் வடபுலத்தில், துருவ வட்டத்திற்கும் அப்பால், ட்ரொம்சோ என்னும் துறைமுக நகர் அமைந்துள்ளது. நவம்பர் இறுதி தொடக்கம் ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் அடிவானத்தின் மேல் எழுவதில்லை. அத்தகைய இருட்காலமொன்றில், 1902 ஜனவரியில், அந்நகரில் ஒரு பத்திரிகை பிறந்தது. ‘நூர்லிஸ்’ என்பது அதன் பெயர். வடவானில் இரவு வேளை படர்ந்தெழும் துருவ ஒளியை நோர்வே மக்கள் அப்பெயராலேயே அழைப்பர்.

அதனைத் தொடங்கியவர் செல்வச் சீமானல்லர். கார்ல்சோய் தீவுப் பங்கின் குருவான அல்பிரட் எரிக்சன். அவர் ஒரு சோஷலிஸ்ட். சிறு துண்டு நிலத்தையும் கொந்தளிக்கும் கடலையும் நம்பி வாழ்ந்த மக்களின் நடுவே அவர் பணியாற்றினார். அக்கரையில் பிடித்த மீனை வாங்கும் வணிகரே வலைக்கும் உணவுக்கும் கடன் கொடுப்பவராகவும் இருந்தார். மீனின் விலையையும் கடனின் கணக்கையும் எழுதியது ஒரே கை. அக்கையிலிருந்து மீனவன் விடுபடுவது எங்ஙனம்?

1898 இல் நோர்வேயின் ஆண்களுக்குப் பொது வாக்குரிமை கிடைத்தது. எனினும் ஏழை நிவாரணம் பெற்றோர் விலக்கப்பட்டனர். பெண்கள் அவ்வுரிமையை முழுமையாகப் பெற 1913 வரை காத்திருக்க நேர்ந்தது. குறையுள்ளதாயினும், வாக்கு மீனவனின் கைக்கு வந்துவிட்டது. அதனை யாருக்காகப் பயன்படுத்துவது என்பதை அவன் பக்கம் நின்று எடுத்துரைக்க ஓர் ஏடு வேண்டியிருந்தது. அவ்வேலையையே ‘நூர்லிஸ்’ மேற்கொண்டது.

காலமும் கனிந்திருந்தது. திமிங்கில வேட்டையே கரையோர மீன்வளத்தைக் கெடுக்கிறதென வடபுல மீனவர் நெடுங்காலம் முறையிட்டு வந்தனர். முறையீடு செவியேறவில்லை. 1903 ஜூனில் மேகாம் என்னும் ஊரில் அவர்கள் திரண்டு, திமிங்கிலத் தொழிற்சாலையொன்றைத் தகர்த்தெறிந்தனர். அரசு படையை அனுப்பியது. ஆயினும் அடுத்த ஆண்டே வடகரையில் திமிங்கில வேட்டையைத் தடைசெய்யவும் வேண்டியதாயிற்று. அதே 1903 இன் தேர்தலிலேதான் தொழிற் கட்சியினர் முதன்முறையாக நோர்வேப் பாராளுமன்றத்துட் புகுந்தனர். அவர்களை அனுப்பியது ஆலைகள் நிறைந்த தலைநகரன்று, வறிய வடபுலமே. எரிக்சனும் அவர்களுள் ஒருவர்.

1905 இல் நோர்வே சுவீடனிடமிருந்து பிரிந்தபோது, முடியாட்சி வேண்டாம், குடியரசே வேண்டுமென அவர் வாதாடினார். பின்னர் அவர் கட்சியோடு முரண்பட்டுப் பிரிந்தார். பத்திரிகையோ தொழிலாளர் இயக்கத்துடனேயே நின்றது. 1938 இல் மீனின் முதல் விற்பனை விலையை நிர்ணயிக்கும் உரிமையை மீனவரின் விற்பனைச் சங்கத்திற்கு வழங்கும் சட்டம் நிறைவேறியது. இதனை ஒரு பத்திரிகை தனித்துச் சாதித்துவிடவில்லை. மீனவர் ஒன்றுதிரண்டதாலேயே இது கைகூடியது. அத்திரட்சிக்கு வேண்டிய சொல்லைத் தொழிலாளர் ஏடுகள் வழங்கின.

1940 இல் ஜெர்மானியப் படைகள் நோர்வேயுட் புகுந்தன. அரசரும் அரசாங்கமும் ட்ரொம்சோவில் தங்கி, ஜூன் 7 ஆம் நாள் அங்கிருந்து கடல் கடந்தனர். ஆக்கிரமிப்பின் கீழ் ‘நூர்லிஸ்’ வாய்மூட நேர்ந்தது. 1945 இல் விடுதலைக்குப் பின்னரே அது மீண்டும் வெளிவந்தது.

இன்றும் அது வெளிவருகிறது. ஆனால் கட்சிக் கட்டு அவிழ்ந்துவிட்டது. அது சேர்ந்துள்ள பத்திரிகைக் குழுமத்தில் தொழிற்சங்கங்கள் வைத்திருந்த பங்குகளும் 2016 இல் சேமிப்பு வங்கி அறநிதியொன்றுக்கு விற்கப்பட்டன. படைபலத்தால் மூடப்பட்ட ஏட்டை மக்கள் மீண்டும் திறந்தனர். சந்தையில் கைமாறிய ஏட்டை அவ்விதம் மீட்பது எளிதன்று. ஒரு பத்திரிகையை மதிப்பிடும்போது அதில் என்ன எழுதப்படுகிறது என்பதோடு, அது யாருடைய உடைமை என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.