சென்னைக்குக் குடிநீர் தந்த கொசத்தலை ஆறு

சென்னை மாநகரை ஒட்டி வடக்கே கொசத்தலை ஆறும், நடுவே கூவமும், தெற்கே அடையாறும் கடலை அடைகின்றன. இருந்தும், நகரின் முதற்பெரும் குடிநீர்த் திட்டத்துக்கு ஊரின் நடுவே ஓடிய கூவம் பயன்படவில்லை. வடமேற்கே தொலைவில் ஓடிய கொசத்தலையே பயன்பட்டது. இதன் காரணங்கள் இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கவை.

1772-இல் ஏழுகிணற்றிலிருந்து புனித ஜார்ஜ் கோட்டைக்கு நீர் வழங்கும் ஏற்பாடு தொடங்கிற்று. நகர மக்களோ வீட்டுக் கிணறுகளையும் குளங்களையும் நம்பி வாழ்ந்தனர். மக்கள் பெருகப் பெருக அந்நீர்நிலைகள் மாசுற்றன. பேதி நோய் பரவிற்று.

1866-இல் பிரேசர் என்னும் பொறியாளர் புதிய திட்டமொன்றை வகுத்தார். மூன்று ஆறுகளும் வடகிழக்குப் பருவமழையில் பெருகிக் கோடையில் மணல் தெரிய வறள்பவை. எனவே, ஓர் ஆற்றில் எவ்வளவு வெள்ளம் வருகிறது என்பதை மட்டும் கண்டால் போதாது. அவ்வெள்ளத்தைக் கோடை வரை எங்கே தேக்கி வைப்பது என்பதே முதன்மையான வினா. கூவமும் அடையாறும் நகரை அடையுமிடத்தில் கடல் ஓதம் ஏறி உவர்ப்பவை. ஊர்க்கழிவும் அவற்றில் சேரும். கொசத்தலையிலோ, தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு எழுப்பி, வெள்ளத்தைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்ப இயன்றது. செங்குன்றம் நகரைவிட மேட்டில் இருப்பதால், எந்திரத்தின் உதவியின்றி நீர் தானே கீழ்ப்பாக்கம் வந்து சேரும். 1872-இல் இத்திட்டம் செயலுக்கு வந்தது.

ஆறு நன்கு தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆயினும் நீர் வரும் வழி காக்கப்படவில்லை. ஏரி நீர் திறந்த கால்வாயில் ஓடி, வடிகட்டப்படாமலே குழாய்களில் புகுந்தது. நீரைத் துணியில் வடிகட்டிப் பருகும் வழக்கம் நம் இல்லங்களில் தொன்றுதொட்டு உள்ளது. அத்துணி தூசியையும் சிற்றுயிர்களையும் தடுக்கும்; கண்ணுக்குப் புலனாகாத நோய்க்கிருமிகளைத் தடுப்பது அரிது. மேட்லி என்னும் பொறியாளரின் முயற்சியால், 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைந்த பின்னரே இக்குறை பெருமளவு நீங்கிற்று.

நகரம் மேலும் வளரவே, அதே ஆற்றில் இன்னும் மேலே பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பெற்று 1944-இல் பயனுக்கு வந்தது. சென்னை மேயராக இருந்து அதற்காக உழைத்த சத்தியமூர்த்தியின் பெயரை அது தாங்கி நிற்கிறது.

ஓர் ஊருக்குக் குடிநீர் தேடுவோர் இவ்வரலாற்றிலிருந்து நான்கு வினாக்களைப் பெறலாம். கோடையில் அந்நீர் எஞ்சுமா? எவ்விடத்தில் அதனைத் தேக்கலாம்? மேட்டிலிருந்து தானே பாயுமா? வரும் வழியில் மாசு கலவாமல் காக்க இயலுமா? முதல் மூன்றுக்கும் பொறியாளர் விடை காண்பர். நான்காவதற்கு விடை, ஆற்றங்கரையிலும் ஏரிக்கரையிலும் வாழும் மக்கள் கையில் உள்ளது. அந்த விடையைத் தர நாம் தவறினால் என்ன நேரும் என்பதைக் கூவத்தின் இன்றைய நிலை காட்டுகிறது. நம் ஊர்களின் ஏரிகளையும் வரத்துக் கால்வாய்களையும் தூய்மையாகக் காப்பது, வரும் தலைமுறைக்கு நாம் செய்யும் அறம்.