அளவுகோலும் தலையெழுத்தும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் அறிவுத்திறன் சோதனையின் வழித்தடம்

வகுத்தல் கணக்கில் கிடைக்கும் விடைக்கு ஈவு என்று பெயர். நுண்ணறிவு ஈவு என்ற சொல்லிலும் ஒரு வகுத்தல்தான் ஒளிந்திருக்கிறது. பிள்ளையின் மனவயதை உடல்வயதால் வகுத்துப் பார்க்கலாம் என்று 1912இல் ஜெர்மானிய உளவியலாளர் வில்லியம் ஸ்டெர்ன் சொன்னார். வந்த விடையை 100ஆல் பெருக்கும் வழக்கத்தை அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் 1916இல் நிலைநாட்டினார். பத்து வயதுப் பிள்ளை பன்னிரண்டு வயதுக்குரிய கேள்விகளுக்கு விடை சொன்னால் ஈவு 120. பெரியவர்களிடம் இந்தக் கணக்கு செல்லவில்லை. 40 வயதுக்காரரின் மனவயதை எதை வைத்துச் சொல்வது? 1939இல் டேவிட் வெக்ஸ்லர் தம் சோதனையை வெளியிட்டபோது வகுத்தலையே கைவிட்டார். அவர் முறையில் இந்த எண், ஒருவர் தம் வயதொத்தவர்களின் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதை மட்டுமே காட்டுகிறது. சராசரி 100, திட்ட விலக்கம் 15. வகுத்தல் போய்விட்டது, தமிழில் ஈவு மட்டும் தங்கிவிட்டது.

ஆக, இது ஒரு கூட்டத்தில் ஒருவர் நிற்கும் இடம். எந்தக் கூட்டம், அதை எண்ணியவர் யார், எண்ணி வைத்த முடிவு பிறகு பலித்ததா என்று யாராவது திரும்பிப் பார்த்தார்களா? உளவியல் அறிவியல்தானா என்ற வாதத்தை மலேசியாவில் நடத்துவதென்றால் இந்தக் கேள்விகளிலிருந்துதான் நடத்த வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. ஏனெனில் வியன்னாவிலும் லண்டனிலும் தத்துவச் சிக்கலாக விவாதிக்கப்பட்ட ஒன்று, கோலாலம்பூருக்கு நிர்வாகக் கருவியாக வந்து இறங்கியது.

மலாயாவில் உளவியலுக்கு முன்னால் வந்தது இனக்குணப் பேச்சு. மலாய்க்காரர் சோம்பேறி, சீனர் பணப்பித்தர், தமிழர் சொன்னதைக் கேட்கும் கூலி என்று காலனி அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் எழுதிக் குவித்தார்கள். எவரையும் உட்கார வைத்து எதையும் அளந்ததில்லை. இந்தப் பேச்சு யாருக்குப் பயன்பட்டது என்பதைச் சையது உசேன் அலாத்தாஸ் 1977இல் சோம்பேறிப் பூர்வகுடி என்ற கட்டுக்கதை பற்றிய தம் நூலில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார். அவர் காலனியர்களோடு நிற்கவில்லை. மலாய்க்காரர்கள் பின்தங்கியதற்கு மரபுவழியும் ஒரு காரணம் என்று வாதிட்ட மகாதீரின் நூலையும் அதில் விமர்சித்தார். அந்த நூல் 1970இல் வெளிவந்து தடை செய்யப்பட்டது. ஆசிரியர் பிரதமரான 1981இல் தடை நீங்கியது. அளவீடு எதுவும் இல்லாமல் மரபணு பற்றிப் பேசுவது வெள்ளைக்காரர்களோடு முடிந்துவிடவில்லை.

சாதாரண மக்களுக்கோ மனோதத்துவம் என்றால் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் திறக்கப்பட்ட மனநோய் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். இன்றும் ஒருவர் கொஞ்சம் ஏறுமாறாகப் பேசினால் ‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்’ என்பார்கள்.

மனத்தை அளப்பது பள்ளிக்கூட வாசல் வழியாக வந்தது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. அப்படிக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கிளம்பிய கொட்டகைப் பள்ளிகளில் படித்த பிள்ளைக்கும், 1893இல் தொடங்கிய விக்டோரியா கல்விக்கூடத்தில் படித்த பிள்ளைக்கும் நடுவே யாரும் அளவுகோல் வைக்கத் தேவை இருக்கவில்லை. இருவரும் ஒரே வரிசையில் நின்றதே இல்லை. 1956இல் ரசாக் அறிக்கை வந்தது. அதே ஆண்டு தேர்வு வாரியம் அமைந்தது. 1957இல் மலாயா இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு தொடங்கியது. அப்போதுதான் வரிசை உருவாயிற்று. இடைநிலைப்பள்ளியில் இடம் குறைவு, பிள்ளைகள் அதிகம். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கே கதவு திறந்தது. தவறியவர்களுக்காக 1962இல் தொடர்நிலைப் பள்ளிகளைத் திறந்தார்கள்.

இந்தத் தேர்வின் தாய்வீடு இங்கிலாந்து. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிறகு அங்கே பதினோரு வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, ஆங்கிலம், அறிவுத்திறன் ஆகியவற்றில் சோதனை வைத்து யார் எந்தப் பள்ளிக்குப் போவது என்று பிரித்தார்கள். அந்த வயதிலேயே ஒருவரின் திறன் தெரிந்துவிடும், பெரும்பாலும் அது பிறவியிலேயே வருவது என்ற நம்பிக்கைக்கு அறிவியல் முத்திரை கொடுத்தவர்களில் முதன்மையானவர் உளவியலாளர் சிரில் பர்ட். பிரிந்து வளர்ந்த இரட்டையர்களை ஆராய்ந்ததாகச் சொன்னார். 1955இல் 21 இணைகள், 1958இல் 30க்கு மேல், 1966இல் 53. ஒவ்வொரு முறையும் இரட்டையரின் அறிவுத்திறனுக்கு இடையிலான ஒட்டுறவு 0.771. மாதிரி இரண்டரை மடங்காகப் பெருகியும் மூன்றாம் தசமம் கூட அசையவில்லை! சந்தையில் தராசு பிடித்துப் பழகிய கடைக்காரரே நம்பமாட்டார். பர்ட் 1971இல் இறந்தார். 1974இல் லியோன் கேமின் இந்த எண்களைச் சுட்டிக் காட்டினார். 1976இல் ஆலிவர் கில்லி பத்திரிகையில் வெளிப்படையாக மோசடி என்றார். 1979இல் வாழ்க்கை வரலாற்றாசிரியர் ஹெர்ன்ஷாவும் அதையே ஒப்புக்கொண்டார். பர்ட்டுக்குப் பரிந்து பேசிய நூல்கள் பிறகும் வந்தன.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. 1990இல் மின்னசோட்டாவில் தாமஸ் பூச்சார்டு குழு உண்மையான இரட்டையர்களை ஆராய்ந்தபோது கிடைத்த எண்ணும் 0.7ஐ ஒட்டியே இருந்தது. மோசடியாளர் சொன்ன எண்ணுக்கு அருகிலேயே நேர்மையாளரின் எண்ணும் வந்து நின்றது. உளவியலைப் போலி அறிவியல் என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுபவர்கள் இந்த இடத்தில் சற்று நிதானிக்க வேண்டும். அதேபோல, அந்த எண்ணை வைத்து இனங்களைத் தரம் பிரிப்பவர்களும். ஒரே நாற்றங்காலில் எடுத்த செம்பனைக் கன்றுகளில் பாதியைக் கேரித் தீவின் கொழுத்த மண்ணிலும் மீதியைச் சரளைக் குன்றிலும் நட்டால், ஒவ்வொரு வயலுக்குள்ளும் மரத்துக்கு மரம் உள்ள வேறுபாடு விதையால் வந்ததாக இருக்கலாம். இரு வயல்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு முழுக்க மண்ணால் வந்தது. ரிச்சர்டு லெவோன்டின் 1970இல் மக்காச்சோள விதை எடுத்துக்காட்டால் சொன்ன தருக்கம் இதுதான். 2003இல் எரிக் டர்க்ஹைமர் குழு ஒரு படி மேலே போனது. வறிய குடும்பங்களின் ஏழு வயது இரட்டையரிடையே அறிவுத்திறன் வேறுபாட்டில் 60 விழுக்காட்டை அவர்கள் பகிர்ந்துகொண்ட சூழலே விளக்கியது. மரபணுவின் பங்கு ஏறக்குறைய இல்லை. வசதியான வீடுகளில் இது தலைகீழ். தோட்ட லயத்தில் பிறந்த பிள்ளையைப் பற்றி எவர் என்ன முடிவு சொன்னாலும் அதற்கு முன் இந்த ஓர் ஆய்வைப் படித்திருக்க வேண்டும்.

மலாயா நுழைவுத் தேர்வு 1964இல் கைவிடப்பட்டது. 1965 முதல் பிள்ளைகள் படிவம் மூன்று வரை தடையின்றிப் போகலாம் என்றானது. தமிழ், சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் நடுவில் ஓராண்டுப் புகுமுக வகுப்பு. யாரும் திட்டமிடாமலேயே பெரிய பரிசோதனை ஒன்று அமைந்துவிட்டது என்று இதைச் சொல்வேன். நேற்றுவரை மூன்றில் இரண்டு பேரை ‘தகுதியற்றவர்’ என்று ஒரு தாள் ஒதுக்கியது. இன்று அதே தரத்துப் பிள்ளைகள் உள்ளே. அவர்களில் எத்தனை பேர் ஆசிரியரானார்கள், எழுத்தரானார்கள், பல்கலைக்கழகம் போனார்கள்? ஒதுக்கிய தாளின் ஆரூடத்தைச் சரிபார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு ஓர் ஆய்வாளருக்கு வாய்க்காது. கதவைத் திறந்தவர்களின் கவலை அதுவல்ல. கட்டடம், நாற்காலி, ஆசிரியர் என்று அலைந்துகொண்டிருந்தார்கள்.

கார்ல் பொப்பர் 1919இல் வியன்னாவில் கேட்ட கேள்வி இங்கே பொருந்துகிறது. ஐன்ஸ்டைனின் கணிப்பு பொய்த்துப்போக வாய்ப்பிருந்தது. பிராய்டு, அட்லர் ஆகியோரின் விளக்கங்களோ எது நடந்தாலும் பொருந்தின. அதனால் அவற்றைச் சோதிடத்தோடு ஒப்பிட்டார். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை நடைபாதையில் கிளி எடுத்துத் தரும் சீட்டும் அப்படித்தான், எவருக்கும் தப்பாது. இந்த உரைகல்லில் தேய்த்தால் அறிவுத்திறன் சோதனை சோதிடத்தின் பக்கம் விழாது. அது திட்டவட்டமாக முன்கூட்டிச் சொல்கிறது, பல முறை தப்பியும் இருக்கிறது. ஜேம்ஸ் ஃப்ளின் 1984இலும் 1987இலும் காட்டியது போல, பத்தாண்டுக்கு மூன்று புள்ளி வீதம் மக்களின் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. பிறவிக் குணம் ஒரே தலைமுறையில் இப்படி ஏறாது என்பதால் பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது. அதைக் காட்டியதும் அதே சோதனைதான். 2015இல் உளவியலின் 100 ஆய்வுகளை மீண்டும் செய்து பார்த்தபோது 36 விழுக்காட்டில்தான் முன்னைய முடிவு தேறியது. அந்தச் சரிவில் சிக்காமல் நிற்பவற்றில் சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904இல் கண்ட ஒன்றும் உண்டு: ஒரு வகைச் சோதனையில் நன்றாகச் செய்பவர் மற்றவற்றிலும் பெரும்பாலும் நன்றாகச் செய்கிறார். உளவியலின் உறுதியான கண்டுபிடிப்புகளில் ஒன்றே அதிகமாகத் தவறாகக் கையாளப்பட்டதும் ஆயிற்று.

கருவி யாரை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது என்பதைப் பார்க்கப் பிரிக்பீல்ட்ஸை விட்டு வெளியே போக வேண்டாம். 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அங்கேதான். வெள்ளைக் கோலோடு சாலையைக் கடப்பவர்களையும் உடம்பு பிடித்துவிடும் நிலையங்களையும் அந்த வட்டாரத்தார் தினமும் பார்க்கிறார்கள். மொழியோ பண்பாடோ குறுக்கிடாது என்று பெயர் பெற்றது ஜோன் ரேவன் 1938இல் வெளியிட்ட வடிவச் சோதனை. கட்டத்தில் விடுபட்ட உருவத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். பார்வையில்லாதவரிடம் அந்தத் தாளுக்கு வேலையே இல்லை. வெக்ஸ்லர் சோதனையின் வாய்மொழிப் பகுதியைத்தான் அவர்களிடம் பயன்படுத்துவார்கள். அதன் பழைய குழந்தைப் பதிப்பில் அமெரிக்காவைக் கண்டுபிடித்தவர் யார் என்றொரு கேள்வி இருந்தது. ஆக, ஒன்றில் கண் குறுக்கே நிற்கிறது, மற்றதில் கொலம்பஸ். கருவியை உள்ளூருக்கேற்ப மாற்றும் உழைப்பு இந்தியாவில் முன்பே நடந்தது: வி.வி. காமத், பிரெஞ்சு உளவியலாளர் பினேயின் சோதனையைக் கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்கேற்ப மாற்றி 1940இல் நூலாக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் உளவியல் துறை வந்தது. மலாயாவில் இத்தகைய உழைப்பு தாமதமாகவே தொடங்கியது.

பல்கலைக்கழகத்தில் உளவியல் தனித் துறையாக நின்றது 1979இல், பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில். அதற்குமுன் அது கல்வியியலின் ஒரு மூலையில் இருந்தது. ஆலோசகர்களுக்கு 1998இல் சட்டம் வந்தது. மருத்துவ உளவியலாளர் 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில் சட்டத்தின்கீழ் வந்தார். அதுவரை வாசலில் பலகை மாட்ட யாருக்கும் தடையில்லை.

பள்ளிகளில் அளவுகோல் வேறு பெயர்களில் திரும்பி வந்தது. 1996இல் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு முதற்கட்ட மதிப்பீடு. தேறியவர்கள் நான்காம் ஆண்டைத் தாண்டி ஐந்துக்குப் போகலாம். சில ஆண்டுகளில் அது நின்றது. 2009 வாக்கில் இணையவழிச் சோதனை வைத்து மீத்திறப் பிள்ளைகளைத் தேடும் பெர்மாத்தா பிந்தார் திட்டம் பாங்கியில் தொடங்கியது. 2011இல் பள்ளிசார் மதிப்பீடு வந்தபோது உளவியல் அளவீடு அதன் ஓர் அங்கமாயிற்று. 2021இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். ஒழிந்தபின் ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளை பெறும் அறிக்கையில் வகுப்பறை மதிப்பீடு, புறப்பாடம் ஆகியவற்றோடு இதுவும் இடம்பெறுகிறது.

அந்த உளவியல் அளவீட்டின் ஒரு பகுதி ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் முன்வைத்த பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை ஒட்டியது. ஆசிரியர்களுக்கு அது பிடித்துப்போனதில் வியப்பில்லை. ஸ்பியர்மன் ஒரே ஏணியை நிறுத்தினார். கார்ட்னரின் ஏணிகள் பல, எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு வீடு திரும்பாது. ஆனால் 2006இல் விஸ்ஸர், ஆஷ்டன், வெர்னன் மூவரும் அந்த வகைகளுக்குச் சோதனை வைத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை தனித்தனியாக நிற்காமல் ஸ்பியர்மனின் பொதுத்திறனோடு ஒட்டிக்கொண்டன. மனத்துக்கு இதமான கோட்பாட்டுக்குச் சான்று குறைவு, கசப்பானதற்கு அதிகம். இதை எழுதும்போது எனக்கும் மகிழ்ச்சியில்லை.

கிள்ளானில் ஓர் உறவினர் வீட்டில் அப்படி ஓர் அறிக்கையைப் பார்த்தேன். பிறப்புப் பத்திரம், தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் வைத்திருந்த பிளாஸ்டிக் கோப்பிலிருந்து தாய் எடுத்துக் கொடுத்தார். எட்டுப் பட்டைகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஓர் எண். இசையின் பட்டை எல்லாவற்றையும்விட உயரம். பெண்ணிடம் பாட்டு வகுப்புக்குப் போகிறாயா என்று கேட்டேன்.

“இல்ல மாமா. பாட்டுக் கேக்கப் பிடிக்கும்னு டிக் பண்ணேன். அதான் அவ்ளோ போட்ருக்கு.”

விருப்பம், திறன் என்று இரண்டு உண்டு என்பதை அந்தப் பட்டைக்குச் சொல்லித்தர யாருமில்லை. பினே 1905இல் பாரிசில் முதல் சோதனையைச் செய்தபோது, எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டறியவே அதைச் செய்தார். நுண்ணறிவு மாறவே மாறாத தலையெழுத்து என்றவர்களை அவர் எதிர்த்தார்.

அவள் இப்போது படிவம் மூன்றில் படிக்கிறாள். அறிக்கையைக் கொடுத்தவர்கள் எவரும் இதுவரை வந்து, அன்று சொன்னது பலித்ததா என்று கேட்கவில்லை. தாய் அதை மடித்து, தடுப்பூசிப் புத்தகத்துக்குப் பின்னால் செருகினார்.