கடைத்தெருவின் கதை – 9: ஓணத்துக்கு இன்னும் 56 நாள்

2020 ஜூலை 6, திங்கட்கிழமை காலை 6 மணி. திருவனந்தபுரம் மாநகராட்சி எல்லைக்குள் கொரோனாவுக்கான கடும் ஊரடங்கான டிரிப்பிள் லாக்டவுன் அமலுக்கு வந்தது. எம்.ஜி. ரோட்டில் ஜவுளிக்கடைகளின் ஷட்டர்கள் இறங்கியே கிடந்தன. ஏப்ரலில் வந்த விஷு ஏற்கெனவே ஊரடங்கில் போய்விட்டது. திருவோணம் ஆகஸ்ட் 31. நமக்குத் தீபாவளி எப்படியோ, கேரளத்து ஜவுளிக்காரருக்கு ஓணம் அப்படி. மிச்சமிருந்தது 56 நாள்.

சென்ற வாரம் இதே ஊரின் ‘சாலை’ என்ற பழைய கடைவீதியில் நின்றோம். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய அந்த வீதியில் தமிழ் வணிகர்கள் வேரூன்றியதைப் பார்த்தோம். அதற்குப் பின் வந்தது பெரிய கடைகளின் காலம். 1863-ல் சென்னையில் தொடங்கிய ஸ்பென்சர் இங்கேயும் வந்தது, எம்.ஜி. ரோட்டில் ஒரு சந்திப்புக்கு இன்றும் ஸ்பென்சர் ஜங்ஷன் என்றுதான் பெயர். 1923-ல் ஸ்ரீவில்லிபுத்தூரில் போத்தி மூப்பனார் வேட்டி, சேலை விற்கத் தொடங்கிய கடை, போத்தீஸ் என்று வளர்ந்து அதே சாலையில் ஆயுர்வேதக் கல்லூரிப் பக்கம் மாடி மாடியாக எழுந்தது.

ஷட்டர் இறங்கிய நாளில் இந்தக் கடைகளுக்குத் தெரிந்த வழி ஆன்லைன். வாங்குபவர் முகம் பாராமல் விற்பது கடைகளுக்குப் புதிதா? இல்லை. 1877-லேயே இந்தியத் தபால் துறை வி.பி.பி.யைக் கொண்டுவந்தது. விலைப்பட்டியலைப் பார்த்துக் கடிதம் போட வேண்டியது. பார்சல் வந்ததும் தபால்காரரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டியது. 2010-ல் பிளிப்கார்ட் தொடங்கிய கேஷ் ஆன் டெலிவரியும் இதே ஏற்பாடுதான்.

புத்தகத்துக்கும் கடிகாரத்துக்கும் அது போதும். ஒரு பிரதியைப் போலவே மறு பிரதி. கேரளத்தின் ஜரிகைக் கரை போட்ட கசவுப் புடவை அப்படியல்ல. அதன் நிறம் தூய வெள்ளை அல்ல, சலவை செய்யாத நூலின் இளமஞ்சள் கலந்த வெண்மை. டியூப் லைட்டுக்குக் கீழே கைபேசியில் படமெடுத்தால் நீலம் பாரிக்கும். அசல் ஜரிகையும் மலிவு ஜரிகையும் திரையில் ஒரே மாதிரி மின்னும். கடைக்கு வருகிற அம்மா முந்தானையைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார், ஓரத்தை விரலால் தேய்ப்பார், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவார். அந்த மூன்றையும் இணையதளத்தில் எங்கே வைப்பது?

அடுத்த சிக்கல் ஸ்டாக். கைத்தறியில் ஒரு டிசைனுக்கு ஒரே பீஸ்தான் என்பதும் உண்டு. இரண்டாம் மாடியில் ஒருவர் அதைக் கையில் வைத்திருக்கும்போதே துபாயிலிருந்து ஒருவர் பணம் கட்டிவிட்டால்? பில் போட்ட நொடியில் இணையதளக் கணக்கிலும் அது கழிந்தாக வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய அடி இன்னொன்று. ஆன்லைன் நிறுவனங்களுக்குக் கிடங்கு ஊருக்கு வெளியே. பழைய கடைக்கோ கடையே கிடங்கு. ஷட்டர் இறங்கினால் இணையதளம் திறந்திருந்தும் பயனில்லை, சரக்கு உள்ளே.

2020-ல், கடைக்குள் போக முடிந்த நாட்களில், தென்னிந்திய ஜவுளிக்கடைகள் பலவற்றைத் தூக்கி நிறுத்தியது விலையுயர்ந்த மென்பொருள் அல்ல, வாட்ஸ்அப் வீடியோ காலில் புடவையைப் பிரித்துக் காட்டிய விற்பனையாளர்தான். "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் காட்டுங்க" என்றால் காட்டினார். பின்பக்கம் கேட்டால் திருப்பினார். பிடித்துவிட்டால் யு.பி.ஐ.யில் பணம், கூரியரில் புடவை. பழைய கடையின் பலம் கட்டடத்தில் இல்லை, கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரின் அறிவில் இருக்கிறது. அவரைத் திரைக்குள் கொண்டுபோகிற கடைதான் ஆன்லைனில் நிற்கும்; வெறும் படத்தை ஏற்றும் கடை நிற்காது. வாசகர்களும் ஆன்லைனில் கைத்தறி வாங்கும்போது கைத்தறி முத்திரையைக் கேளுங்கள், பின்பக்கப் படத்தைக் கேளுங்கள்.

ஆனால் அந்த ஜூலையில் இன்னொரு கணக்கும் ஓடிக்கொண்டிருந்தது. நகரத்துக்குத் தெற்கே பாலராமபுரம். பாலராமவர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் நெசவாளர்களின் தறிகள் அங்கே. ஓணத்துக்கான துணியை மாதக்கணக்கில் முன்பே நெய்யத் தொடங்குவது அவர்கள் வழக்கம். துணி தறியை விட்டு இறங்கிவிட்டது. அதை வாங்க வேண்டிய கடை பூட்டிக் கிடக்கிறது. கடை திறக்கும்வரை காத்திருப்பதா, கடையைத் தாண்டி நேரே வாங்குபவரின் கைபேசிக்குப் போவதா?

தறிக்காரரே கடைக்காரர் ஆகிவிட்டால், எம்.ஜி. ரோட்டின் கதி என்ன? அடுத்த வாரம் பாலராமபுரத்துக்குப் போவோம்.

(தொடரும்)