நேபாளத்தின் உள்ளூராட்சி முறை

நேபாளத்தின் இன்றைய உள்ளூராட்சி முறை, 2015 செப்டம்பர் 20 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தால் உருவானது. ஆட்சியதிகாரத்தைக் கூட்டரசு, மாகாணம், உள்ளூர் என மூன்று அடுக்குகளாக அச்சட்டம் பகிர்ந்தது. இப்போது நாட்டில் 7 மாகாணங்களும் 753 உள்ளூர் அரசுகளும் உள்ளன. இந்தியாவில் 73, 74ஆம் அரசமைப்புத் திருத்தங்களுக்குப் பிறகும் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு அதிகாரம் தருவது என்பதை மாநிலச் சட்டமன்றங்களே முடிவு செய்கின்றன. நேபாளத்திலோ உள்ளூர் அரசின் அதிகாரப் பட்டியல் அரசமைப்பிலேயே இடம்பெற்றுள்ளது. ஒவ்வொரு வார்டிலும் பெண்களுக்கும், குறிப்பாகத் தலித் பெண்களுக்கும், இடம் ஒதுக்கியிருப்பது இம்முறையின் மற்றொரு சிறப்பு. ஆனால் அதிகாரம் சட்டத்தில் இறங்கிய வேகத்தில் ஊழியர்களும் நிதியும் துணைச் சட்டங்களும் கீழே இறங்கவில்லை.

பின்னணி

1960இல் மன்னர் மகேந்திரா நாடாளுமன்ற ஆட்சியைக் கலைத்தார். அதன்பின் அவர் கொண்டுவந்த கட்சியற்ற பஞ்சாயத்து முறை 1990 மக்கள் இயக்கத்தோடு முடிவுக்கு வந்தது. அடுத்து கிராம வளர்ச்சிக் குழுக்களும் நகராட்சிகளும் மாவட்ட வளர்ச்சிக் குழுக்களும் அமைந்தன. 1999இல் உள்ளூர்த் தன்னாட்சிச் சட்டம் நிறைவேறியது. ஆனால் 1997இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2002இல் முடிந்தபோது, மாவோயிஸ்ட் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்ததால் புதிய தேர்தல் நடக்கவில்லை. போர் 2006இல் ஓய்ந்த பிறகும் நிலை மாறவில்லை. ஏறத்தாழ 15 ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இல்லாமல், அரசு நியமித்த செயலாளர்களே கிராம நிர்வாகத்தை நடத்தினர். போர்க்காலத்தில் பல செயலாளர்கள் கிராமத்தை விட்டு மாவட்டத் தலைநகரில் தங்கியிருந்ததால், ஒரு கையெழுத்துக்காகக்கூட மக்கள் அங்கே போக வேண்டியிருந்தது.

புதிய எல்லைகளை வகுக்க பாலானந்த பௌடேல் தலைமையில் ஆணையம் அமைக்கப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டிருந்த பழைய அமைப்புகள் இணைக்கப்பட்டு, 2017 மார்ச்சில் 744 உள்ளூர் அரசுகள் உருவாயின. பின்னர் எண்ணிக்கை 753 ஆனது. முதல் தேர்தல் 2017 மே 14, ஜூன் 28, செப்டம்பர் 18 ஆகிய நாள்களில் மூன்று கட்டமாக நடந்தது. தெற்குச் சமவெளியைச் சேர்ந்த மதேசிக் கட்சிகள் அரசமைப்பைத் திருத்தக் கோரிப் போராடியதால், அன்று இரண்டாம் மாகாணம் எனப்பட்ட அச்சமவெளிப் பகுதியின் 8 மாவட்டங்களில் கடைசிக் கட்டத்தில்தான் வாக்குப்பதிவு நடந்தது. இரண்டாவது தேர்தல் 2022 மே 13 அன்று நாடு முழுவதும் ஒரே நாளில் நடந்தது.

அமைப்பும் அதிகாரமும்

உள்ளூர் அரசு பொதுவாகப் பாலிகா எனப்படுகிறது. 753 பாலிகாக்களில் 460 கிராமப் பாலிகாக்கள், 276 நகர்ப் பாலிகாக்கள், 11 துணைப் பெருநகரங்கள். எஞ்சிய 6 பெருநகரங்கள் காட்மாண்டு, லலித்பூர், பரத்பூர், பொக்காரா, பீர்கஞ்ச், விராட்நகர். இவற்றின் கீழ் 6,743 வார்டுகள் உள்ளன. கிராமப் பாலிகாவின் தலைவரையும் நகரத்தின் மேயரையும் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். பதவிக்காலம் 5 ஆண்டு. ஒரே பதவியில் இரண்டு முறைக்கு மேல் இருக்க முடியாது.

அரசமைப்பின் 8ஆம் அட்டவணை 22 துறைகளை உள்ளூர் அரசுக்கே உரியவையாக்குகிறது. உயர்நிலைப் பள்ளி வரையிலான கல்வி, அடிப்படைச் சுகாதாரம், உள்ளூர்ச் சாலை, குடிநீர், பாசனம், கூட்டுறவு, நகரக் காவல், உள்ளூர் வரி ஆகியவை அவற்றுள் அடங்கும். மூன்று அடுக்குகளும் பகிர வேண்டிய துறைகளை 9ஆம் அட்டவணை தருகிறது. மூன்றின் உறவும் ஒத்துழைப்பு, ஒருங்கிருத்தல், ஒருங்கிணைப்பு ஆகிய மூன்று நெறிகளில் அமைய வேண்டும் என்கிறது 232ஆம் பிரிவு. ஒருகாலத்தில் செல்வாக்கோடிருந்த மாவட்ட அமைப்பு இன்று ஒருங்கிணைப்புக் குழுவாகச் சுருங்கிவிட்டது.

பிரதிநிதித்துவம்

ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலைவரும் 4 உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். நான்கில் இரண்டு இடம் பெண்களுக்கு. அவற்றில் ஒன்று தலித் பெண்ணுக்கு. பாலிகாவின் நிர்வாகக் குழுவிலும் தனி இடங்கள் உண்டு. கிராமப் பாலிகாவில் 4 பெண்களையும், தலித் அல்லது சிறுபான்மையினர் 2 பேரையும் பாலிகா அவை தேர்ந்தெடுக்கிறது. நகர்ப் பாலிகாவில் இந்த எண்ணிக்கை முறையே 5, 3. தலைவர், துணைத்தலைவர் ஆகிய இரு பதவிகளுக்கும் ஒரு கட்சி வேட்பாளர்களை நிறுத்தினால், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

இதன் பலனாக, 2017இல் வென்றவர்களில் சுமார் 41 விழுக்காட்டினர் பெண்கள். தலித் பெண்ணுக்குரிய சில இடங்கள் மட்டும் வேட்பாளர் இன்றிக் காலியாக இருந்தன. ஆனால் கட்சிகள் பெண்களைப் பெரும்பாலும் துணைப் பதவிக்கே நிறுத்தின. 753 தலைமைப் பதவிகளில் 2017இல் 18 பெண்களும் 2022இல் 25 பெண்களுமே வென்றனர். 2022இல் இருவரில் ஒருவர் பெண் என்ற நிபந்தனையைத் தவிர்க்கும் வழியும் பிறந்தது. கூட்டணிக் கட்சிகளில் ஒன்று தலைவர் பதவிக்கும் மற்றொன்று துணைப் பதவிக்கும் மட்டும் போட்டியிட்டால், சட்டத்தின் நிபந்தனை எக்கட்சியையும் கட்டுப்படுத்தாது. இதனால் பல இடங்களில் இரு பதவிகளுக்கும் ஆண்களே நிறுத்தப்பட்டனர்.

நீதிக் குழு

துணைத்தலைவர் அல்லது துணை மேயர் பதவி வெறும் அலங்காரப் பதவி அன்று. வரவுசெலவுத் திட்டத்தை வகுக்கும் குழுவுக்கும் 217ஆம் பிரிவின்படி அமையும் மூவர் நீதிக் குழுவுக்கும் அவரே தலைமை ஏற்கிறார். 2017ஆம் ஆண்டின் உள்ளூர் அரசு இயக்கச் சட்டம் 13 வகை வழக்குகளில் தீர்ப்புச் சொல்லவும், மேலும் 11 வகைகளில் சமரசம் செய்யவும் இக்குழுவுக்கு அதிகாரம் தருகிறது. வரப்புத் தகராறு, வாய்க்கால் நீர்ப் பங்கீடு, பயிர்ச் சேதம், கொடுக்காத கூலி, வீட்டு வாடகை, முதியோரைப் பராமரிக்காமை, கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டில் விழுவது, பக்கத்து மனையைப் பார்த்துச் சன்னல் வைப்பது போன்றவை அப்பட்டியலில் உள்ளன. தீர்ப்பை ஏற்காதவர் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். குழுவினருக்குச் சட்டப் பயிற்சி போதாமையும், கட்சிச் சார்பு குறித்த ஐயமும் இதன் குறைகளாகச் சொல்லப்படுகின்றன.

நிதி

மதிப்புக்கூட்டு வரியிலும் உள்நாட்டு உற்பத்தி வரியிலும் 70 விழுக்காடு கூட்டரசுக்கும், 15 விழுக்காடு மாகாணங்களுக்கும், 15 விழுக்காடு உள்ளூர் அரசுகளுக்கும் செல்கின்றன. இதைத் தவிர சமன்செய் மானியம், நிபந்தனை மானியம், துணை மானியம், சிறப்பு மானியம் என நான்கு வகை மானியங்கள் உண்டு. பங்கீட்டுக்கான அடிப்படைகளைத் தேசிய இயற்கை வள, நிதி ஆணையம் வகுக்கிறது. நிபந்தனை மானியத்தின் செலவினங்களை மேலிருப்பவர்களே குறித்துவிடுவதால், உள்ளூர் அவை தீர்மானிக்க மிச்சமிருப்பது குறைவு. சொந்த வரி வருவாய் பெருநகரங்களுக்குக் கைகொடுக்கிறது. மலைப்பகுதிக் கிராமப் பாலிகாக்கள் மானியத்தையே நம்பியுள்ளன.

நேபாள நாட்காட்டியின்படி கூட்டரசு ஜேட் மாதம் 15இலும், மாகாணங்கள் அடுத்த மாதமான அசார் 1இலும், பாலிகாக்கள் அசார் 10க்குள்ளும் வரவுசெலவுத் திட்டத்தை வைக்க வேண்டும். அதற்கு முன் குடியிருப்பு அளவில் கூட்டம் நடத்தித் திட்டங்களைத் திரட்டி, வார்டு அளவில் முன்னுரிமை தர வேண்டும். நிதியாண்டும் அசார் மாதக் கடைசியில் முடிகிறது. அது மழைக்காலம். மீதிப் பணத்தைச் செலவழிக்க மழையிலேயே சாலை போடும் வழக்கத்தை மக்கள் ‘அசாரே விகாஸ்’ (அசார் மாத வளர்ச்சி) என்று கிண்டல் செய்கின்றனர்.

பொதுச் சேவைகள்

குடிமகன் அரசைச் சந்திக்கும் முதல் இடம் வார்டு அலுவலகம். பிறப்பு, இறப்பு, திருமணம், மணமுறிவு, இடப்பெயர்வு ஆகிய ஐந்தும் அங்கே பதிவாகின்றன. முதியோர், கணவரை இழந்தோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கான உதவித்தொகைக்கும் அங்கேயே பெயர் பதிய வேண்டும். குடியுரிமைச் சான்றுக்கான பரிந்துரைக் கடிதத்தையும் வார்டே தருகிறது. ஆனால் சான்றிதழ் வாங்க மாவட்டத் தலைநகரில் இருக்கும் தலைமை மாவட்ட அதிகாரியிடம் போக வேண்டும். அவர் கூட்டரசின் உள்துறை அமைச்சகத்துக்குக் கட்டுப்பட்டவர். கோவிட் காலத்தில் வெளிநாடுகளிலிருந்து திரும்பியவர்களைப் பள்ளிக்கட்டடங்களில் தனிமைப்படுத்திக் கவனிக்கும் பொறுப்பு பாலிகாக்கள் தலையில் விழுந்தது.

வலுப்படுத்தும் முயற்சிகளும் தடைகளும்

2019இல் வெளிநாட்டு நன்கொடையாளர்களின் துணையோடு மாகாண, உள்ளூராட்சி ஆதரவுத் திட்டம் தொடங்கப்பட்டது. பிரதிநிதிகளுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சியளிக்க மாகாணங்களில் நல்லாட்சி மையங்கள் அமைந்தன. பாலிகாக்கள் 100 குறியீடுகளைக் கொண்டு தம் திறனைத் தாமே மதிப்பிடும் முறையும் வந்தது.

ஊழியர் விவகாரம்தான் பெரிய முட்டுக்கட்டை. பாலிகாவின் தலைமை நிர்வாக அதிகாரியைக் கூட்டரசே அனுப்புகிறது, மாற்றவும் செய்கிறது. புதிய கூட்டாட்சிக் குடிமைப் பணிச் சட்டம் நெடுங்காலம் இழுபறியில் கிடந்தது. பள்ளிக் கல்வியை அரசமைப்பு பாலிகாவிடம் தந்தபோதும், அதற்குக் கட்டுப்படுவதை எதிர்த்து ஆசிரியர்கள் 2023இலும் 2025இலும் தலைநகரில் திரண்டு போராடினர். மறுபுறம், மலைச்சரிவை வெட்டிச் சாலை போடும் ‘டோசர் வளர்ச்சி’, ஒப்பந்தக்காரர்களே பிரதிநிதிகளாவது போன்ற குற்றச்சாட்டுகள் பாலிகாக்கள் மீதும் உள்ளன. இருந்தும், ஏறத்தாழ 15 ஆண்டுகள் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளூர்ப் பிரதிநிதிகளே இல்லாதிருந்த நாட்டில் 2017க்குப் பின் அடுத்த உள்ளூர்த் தேர்தல் ஐந்தாண்டில் நடந்தது. பணியாளரை நியமிக்கும் உரிமையும் நிபந்தனையற்ற நிதியும் பாலிகாக்களுக்கு எந்த அளவு கிடைக்கின்றன என்பதைப் பொறுத்தே அட்டவணையில் உள்ள 22 அதிகாரங்களும் செயல்வடிவம் பெறும்.