மெனு, சாக்ய, கால: தென்னிந்திய அம்மோனைட் பெயர்களின் எழுத்துக்கூட்டல் பற்றி

கொங்கு நாட்டுப் பாறையில் அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரின் எச்சம் கிடையாது. கோவையைச் சுற்றியுள்ள நைஸ் பாறைகள் அந்த உயிரினம் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே உருவானவை. ஆகவே இங்கே ஒரு காட்சிப் பேழையில் அம்மோனைட் இருந்தால், அது காரை, கருடமங்கலம் போன்ற கிரிட்டேசியஸ் களங்களிலிருந்து வந்திருக்கலாம். பூசைப் பெட்டியில் சாளக்கிராமமாக இருந்தால் கண்டகி ஆற்றுப் பக்கத்திலிருந்து வந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆங்கிலேய இயற்கை அறிஞர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் தென்னிந்திய அம்மோனைட்டுகளுக்குச் சிவா, விஷ்ணு, இந்திரா, வருணா, சூர்யா எனப் பெயரிட்டது, அக்கற்களைத் தெய்வமாகக் கண்ட உள்ளூர் வழக்கின் எதிரொலி என்பது அப்படிப் பேசுவோரின் வாசிப்பு. அது தவறு என்றே கருதுகிறேன்.

முதலில் கல்லையே பார்ப்போம். காரைக் களிமண்ணில் கிடைக்கும் அம்மோனைட் துண்டைக் கையில் எடுத்தால் விரலில் மஞ்சள் மண் ஒட்டும். மேலோடு உதிர்ந்த இடத்தில், உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொடும் வரிகள் இலை விளிம்புபோல் நெளிந்து ஓடுவது தெரியும். சாளக்கிராமமோ உருண்டு மழமழத்த கரும் உருண்டை. சக்கரம் உள்ளே இருக்கும், வாய் வழியாகத்தான் காண வேண்டும். வழிபாட்டு மரபு இலக்கணம் வகுத்தது இரண்டாவதற்கு. அந்த இலக்கணப்படி சாளக்கிராமம் திருமாலின் வடிவம். ஃபோர்ப்ஸின் பட்டியலிலோ சிவனும் பிரமனும் இருக்கிறார்கள்.

இவற்றைவிட முக்கியமான சான்று எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. அதே பட்டியலில் உள்ள மூன்று பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மனு அங்கே 'மெனு' ஆகிறார். காலனையும் சாக்கியனையும் எழுதும்போது ககர ஒலிக்கு ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்து வருகிறது. இது கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் நிலைநிறுத்திய முறை. 1789இல் அவர் மொழிபெயர்த்த சாகுந்தலத்தின் தலைப்பிலும் ககரத்துக்கு அதே எழுத்துதான். 1794இல் அவர் வெளியிட்ட தர்மநூலின் தலைப்பில் மனு 'மெனு'தான். ஃபோர்ப்ஸ் மேசையில் எந்தப் புத்தகம் திறந்திருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எந்த மரபின் புத்தகம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஃபோர்ப்ஸ் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் தொல்லுயிர் எச்சங்களைத் திரட்டி அனுப்பியவர்கள் சென்னை மாகாண சிவில் பணியிலிருந்த கேயும் கன்லிஃபும். ஊரார் சொன்ன பெயர்களை அவர்களே எழுதி அனுப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். கச்சேரியில் நாள்தோறும் மனு வாங்கிப் பழகிய அதிகாரி, காதில் விழுந்த 'மனு'வை 'மெனு' என்று எழுதியிருப்பாரா? 'சுகதா' என்ற பெயரும் அதே பட்டியலில் உண்டு. புத்தரைச் சுகதன் என்று அழைத்த ஊர் வழக்கு 1840களின் விருத்தாசலத்தில் இருந்ததற்குச் சான்று எதையும் நான் கண்டதில்லை. புத்தர் திருமாலின் அவதாரம்தானே என்னும் சமாதானம் சிவனை வைத்துக்கொண்டு நிற்காது.

புராணப் பெயரிடும் அறிவியல் பழக்கத்தைக் கவனித்தால் இது வியப்பும் அல்ல. அம்மோனைட் என்ற சொல்லே ஆட்டுக்கடாக் கொம்புடைய எகிப்தியத் தெய்வம் அம்மோனிடமிருந்து வந்தது. கொங்குப் பகுதியில் ஆடுதீண்டாப்பாளையைத் தின்று வளரும் ஒரு பட்டாம்பூச்சி உண்டு. கரிய இறகு, பின்னிறகில் சிவப்புப் புள்ளிகள். அதற்கு 1758இல் லின்னேயஸ் இட்ட பெயர் ஹெக்டர், டிராய் வீரனின் பெயர். அதை வைத்துக் கொங்கு மக்கள் ஹோமரைப் பாடினார்கள் என்று எவரும் எழுதவில்லை. அம்மோனைட்டுக்கு மட்டும் வேறு நியாயம் ஏன்?

பேரினங்கள் பின்னர் மாறின, இனப்பெயர்கள் நிலைத்தன. ஜப்பானின் ஹொக்கைடோவில் கிடைக்கும் கல்லுக்கும் சுகதா என்றே பெயர். 1922இல் மெனு என்ற இனத்தை வைத்தே மெனுயிட்டெஸ் என்ற பேரினம் பிறந்தது. ஜோன்ஸின் உயிரெழுத்து அதிலும் மாறவில்லை. இக்கற்களுக்குக் கோவையில் விளக்க அட்டை எழுதுபவர் 'உள்ளூர் வழிபாட்டுப் பெயர்' என்ற தொடரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் கல் எடுத்த ஊரின் பெயரை எழுத வேண்டும்.