குட்டாத ஆசான்

ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டப் பயின்ற நாளில், பிழைக்கு ஒரு குட்டு வீதம் வாங்கியவன் நான். குட்டின் வலி மறுநாளே மறைந்தது. பிழை நேருமோ என்ற அச்சம் நெடுநாள் மறையவில்லை. ஆதலால், குழந்தைகளுக்குக் கற்பிக்கும் மின்னணுப் பொம்மைகளின் வரலாற்றைப் படித்தபொழுது, பிழை செய்த குழந்தையிடம் அவை எவ்வாறு நடந்துகொண்டன என்பதையே நான் முதலில் தேடினேன்.

அமெரிக்காவின் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1976-ஆம் ஆண்டில் 'லிட்டில் புரொபசர்' என்ற கைக்கருவியை வெளியிட்டது. கணக்கிடும் கருவி விடை கூறும். இதுவோ வினாவை விடுத்துக் குழந்தையின் விடைக்குக் காத்திருந்தது. மூன்று முறை தவறினால் சரியான விடையைத் தானே காட்டிற்று.

1978-இல் அந்நிறுவனமே 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்னும் பேசும் கருவியை வெளியிட்டது. பால் பிரீட்லவ், ரிச்சர்ட் விக்கின்ஸ், லாரி பிராண்டிங்காம், ஜீன் பிரான்ட்ஸ் ஆகிய நால்வரின் உழைப்பு அது. அதற்கு முன், கயிற்றை இழுத்தால் பேசும் பொம்மைகளின் வயிற்றில் சிறு இசைத்தட்டு சுழன்றது. இதிலோ சுழல்வது எதுவுமில்லை. டாலஸ் நகரத்து வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் குரலைப் பகுத்து, எண்களாகச் சுருக்கி நினைவகத்தில் பதித்தனர். மனிதனின் தொண்டையும் வாயும் ஒலியை உருவாக்கும் முறையை, ஒரேயொரு சிலிக்கான் சில்லு கணக்கிட்டுப் பேசிற்று.

அது ஒரு சொல்லை ஒலிக்கும். குழந்தை எழுத்து விசைகளை அழுத்தும். தவறினால், மறுபடியும் முயலச் சொல்லும். மீண்டும் தவறினால், எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த சொல்லுக்குச் செல்லும். குட்டு இல்லை, பிறர் நகைப்பும் இல்லை.

1999-இல் லீப்பிராக் நிறுவனத்தின் 'லீப்பேட்' வந்தது. பலகைமேல் அச்சிட்ட புத்தகத்தை வைத்து, எழுதுகோல் போன்ற முனையால் ஒரு சொல்லைத் தொட்டால், அது அச்சொல்லை வாசித்துக் காட்டிற்று. கதையின் நடுவே தெரியாத சொல்லில் தடுமாறிய குழந்தை, நாணத்தால் வாய்மூடியிருக்க நேரவில்லை.

ஆயினும் அக்கருவிகளின் பொறுமை அன்பினால் விளைந்ததன்று. அவை பிழையை அறிந்தன; பிழையின் காரணத்தை அறியவில்லை. எழுத்தின் வடிவத்தில் மயங்கிய பிள்ளையும், கவனமின்றி விசையை மாற்றி அழுத்திய பிள்ளையும் அவற்றுக்கு ஒன்றே. அந்த வேறுபாட்டைக் காண அருகே ஒரு தாயோ ஆசிரியரோ இருக்கவேண்டியிருந்தது.

குட்டாமலும் கற்பிக்கலாம் என்பதை ஒரு சிறு சில்லு காட்டிற்று. காரணத்தையும் அறியவல்ல நாம், அதனினும் பொறுமை குறைந்தவர்களாக இருக்கலாமா?